பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை: ஒரு சமுதாய வானொலியின் ஒலியைச் சரிசெய்த பதிவு

நிலையத்திலிருந்து இடது தடத்தில் மட்டும் 400 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால், ஒற்றை ஸ்பீக்கர் உள்ள சின்ன ரேடியோவின் இயர்போன் சாக்கெட்டில் 0.18 வோல்ட் வந்தது. வலது தடத்தில் மட்டும் அனுப்பினால் 0.12 வோல்ட். இரண்டிலும் ஒன்றாக அனுப்பினால் 0.06 வோல்ட். கூட வேண்டிய இடத்தில் கழிந்துகொண்டிருந்தது. ஐந்து வாரமாகத் தேடிய கோளாறு இந்த மூன்று எண்களுக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் முன் மைக், அறை, கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்றத்தாழ்வை அமுக்கும் கருவி) எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. அவற்றில் சில தேவையான வேலைகள், சில வீண்வேலைகள். எது எது என்று வரிசையாக எழுதுகிறோம்.

நிலையத்தில் இருப்பவை: 50 வாட் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், எட்டு சேனல் மிக்ஸர், இரண்டு மைக், பாட்டுக்கு ஒரு மடிக்கணினி, நேயர் அழைப்புக்கு ஒரு கைபேசி. மிக்ஸரின் இடது, வலது வெளியீடுகளிலிருந்து மூன்று பின் கொண்ட இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள்கள் டிரான்ஸ்மிட்டருக்குப் போகின்றன.

புகார் ஒன்றுதான்: "பாட்டு நன்றாக வருகிறது, பேசுவதுதான் புரியவில்லை." சமுதாய வானொலிக்கு இதைவிடப் பெரிய பழுது கிடையாது. பாட்டுக்கு மக்களுக்கு வேறு எத்தனையோ வழிகள் உண்டு. எந்தப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, தடுப்பூசி முகாம் எந்தக் கிழமை, காணாமல்போன குழந்தை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்பதெல்லாம் பேச்சாக மட்டுமே போய்ச் சேரும். அதில் பதினேழு பதினெட்டாகக் கேட்டாலே அறிவிப்பு கெட்டது.

முதலில் ஓர் அளவுகோல்

"இப்போது பரவாயில்லையா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே பழுது பார்த்தால் எதுவும் முடியாது. அதனால் இருபது சொல் கொண்ட பட்டியல் ஒன்று தயாரானது. ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களாகப் பொறுக்கினோம்: ஏழு, எட்டு, அறுபது, எழுபது, பதினேழு, பதினெட்டு, ஆறு, நூறு, காலை, மாலை போன்றவை. வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றி, அறிவிப்பு போல வாக்கியத்துக்குள் வைத்து ஒலிபரப்பினோம். இன்னொரு கட்டடத்தில் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள சின்ன பேட்டரி ரேடியோ. அதன் ஸ்பீக்கர் 7 சென்டிமீட்டர். வால்யூம் குமிழில் பெயின்ட் புள்ளி வைத்து, அதற்கு மேல் யாரும் திருப்பக் கூடாது என்று முடிவு. 4 மீட்டர் தள்ளி மூன்று பேர், நடுவில் ஒரு மேசை விசிறி முழு வேகத்தில். கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும்.

தூரமும் விசிறியும் வேண்டுமென்றே வைத்தவை. வானொலியை யாரும் காதருகே பிடித்துக்கொண்டு கேட்பதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும், ரேடியோ ஒரு மூலையில் பாடிக்கொண்டிருக்கும். கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றத்திலும், யுனெஸ்கோ துணையோடு 1956-இல் புனே வட்டாரத்துக் கிராமங்களில் நடந்த அதன் இந்திய முயற்சியிலும், ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்து கேட்டுவிட்டு, கேட்டதைப் பற்றி விவாதித்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் அங்கே தேர்வு. இங்கேயும் அதுவே.

முதல் நாள் மதிப்பெண்: மூன்று பேரின் சராசரி 20-க்கு 11.

தவறான முதல் அடி: கம்ப்ரஸர்

பேச்சு தாழ்ந்திருக்கிறது, ஆகவே தூக்கிவிடலாம் என்று நினைத்தது இயல்புதான். மைக் சேனலில் கம்ப்ரஸரை 8:1 விகிதத்தில் வைத்து, 15 டெசிபல் மேலே ஏற்றினோம். ஸ்டுடியோ ஹெட்ஃபோனில் குரல் பளிச்சென்று முன்னால் வந்தது. ரேடியோவில் மதிப்பெண் 9 ஆகக் குறைந்தது.

காரணம் எளிது. கம்ப்ரஸர் குரலை மட்டும் தூக்குவதில்லை. அறிவிப்பாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறி, நாற்காலி கிறீச்சிடுவது, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாமே 15 டெசிபல் மேலே வந்தன. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழுந்தது. மூல ஒலியில் குப்பை இருக்கும்போது கம்ப்ரஸரைத் தொடக் கூடாது. அதை 3:1-க்கு இறக்கி, உரக்கப் பேசும் சொற்களில் மட்டும் 5, 6 டெசிபல் அமுங்கும்படி வைத்துவிட்டு அறைக்குப் போனோம். அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 150 மில்லிசெகண்ட். இன்றுவரை அந்த அளவு மாறவில்லை.

அறையும் மைக்கும்

அறை 3 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் உயரம். சுவரில் முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தன. கைதட்டினால் "ட்ர்ர்ர்" என்று ஓர் அதிர்வு சுவருக்குச் சுவர் ஓடியது. முட்டை அட்டை மிக உச்ச ஒலியைக் கொஞ்சம் கலைக்கும், குரலின் உடல் இருக்கும் 200 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை அதற்கு அநேகமாக வேலையே இல்லை. தீப்பிடித்தால் சரசரவென எரியும். எல்லாவற்றையும் உரித்தெடுத்தோம்.

பதிலுக்கு ராக்வூல் (கல் இழை) பலகைகள்: 60 × 120 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் தடிமன், கன மீட்டருக்கு 50 கிலோ அளவில் அடர்த்தி, மொத்தம் 12. மரச்சட்டத்துக்குள் வைத்து, மேலே பருத்தித் துணி போர்த்தி, சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினோம். அந்த இடைவெளியை விடாதீர்கள். செலவே இல்லாமல் தாழ்ந்த ஒலியை இன்னும் கொஞ்சம் விழுங்கித் தருகிறது. துணியைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை: வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். வராவிட்டால் ஒலியும் உள்ளே போகாது, துணியில் பட்டுத் திரும்பிவிடும். முதலில் வாங்கிய துணி பளபளப்பான செயற்கை இழை. இரண்டு பலகைகளுக்குப் போர்த்திய பிறகுதான் ஊதிப் பார்த்தோம். பிரித்து மறுபடி செய்ய அரை நாள் போனது. ராக்வூலை வெட்டும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும்.

பலூன் உடைத்துப் பதிவு செய்து, ஒலி அடங்கும் நேரத்தை ஆடாசிட்டி மென்பொருளில் அளந்ததில் 0.7 விநாடி 0.3 விநாடியாகக் குறைந்திருந்தது. பேச்சு அறைக்கு இது போதும். இன்னும் அடைத்தால் அறிவிப்பாளருக்குத் தன் குரலே செத்துக் கேட்கும், தானாகக் கத்தத் தொடங்குவார்.

மைக்: முன்பு கண்டென்சர் மைக்கை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். அது அறை முழுவதையும் கேட்கும். டைனமிக் மைக்குக்கு மாறி, வாயிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர், நேராக அல்லாமல் 30 டிகிரி சாய்த்து வைத்தோம். 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கின் ஓரமாகப் போய்விடும். டைனமிக் மைக்கின் வெளியீடு சிறியது. மிக்ஸரில் 50 டெசிபல் அளவு கெயின் வேண்டியிருந்தது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் எப்போதும் போட்டே இருக்கட்டும். மைக்குக்கு நெருங்கிப் பேசினால் அடித்தொனி வீங்கும். அந்த வீக்கம் 7 சென்டிமீட்டர் ஸ்பீக்கரில் கேட்கப்போவதே இல்லை, இருக்கும் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

செலவில் பாதிக்கு மேல் அறைக்கே போனது. ஸ்டுடியோப் பதிவு அவ்வளவு சுத்தமாக வந்தது. ரேடியோவில் மதிப்பெண் 12.

புகார் நோட்டு சொன்னது

இங்கேதான் வேலையின் திசை மாறியது. அதுவரை எல்லாரும் ஸ்டுடியோ ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தோம், அதுவும் மிக்ஸரிலிருந்தே. மிக்ஸருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

புகார்களை எழுதும் நோட்டில் புதிதாக நான்கு பத்தி போட்டோம்: எந்த நேரம், எங்கிருந்து, எந்தக் கருவியில், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இயர்போன் செருகிக் கைபேசியில் கேட்பவர்கள் "கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது, ஆனால் புரிகிறது" என்றார்கள். சின்ன ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் புரியவில்லை என்றார்கள். காரில் கேட்டவர் ஒருவர் சொன்னது இன்னும் துல்லியம்: நிலையத்துக்கு அருகில் அறிவிப்பாளர் குரல் இருக்கிறது, தள்ளிப் போகப் போகக் குரல் மட்டும் அமுங்குகிறது, பாட்டின் வாத்தியம் அப்படியே இருக்கிறது. இன்னொரு நேயர், பாட்டில் பாடுபவரையே காணோம், மேளமும் வயலினும்தான் வருகின்றன என்றார்.

சிக்னல் பலவீனமானால் எல்லாமே சேர்ந்து இரைச்சலில் மூழ்க வேண்டும். குரலை மட்டும் பொறுக்கித் தின்கிற சிக்னல் கோளாறு எதுவும் இல்லை. குரலுக்கும் வாத்தியத்துக்கும் இருக்கும் ஒரே வேறுபாடு இடம்: குரல் நடுவில், அதாவது இரண்டு தடத்திலும் சமமாக இருக்கும். வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிந்திருக்கும்.

எஃப்.எம். ஸ்டீரியோ முறை அமெரிக்காவில் 1961-இல் ஏற்கப்பட்டபோதே, ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோக்கள் கைவிடப்படாதபடி அமைத்தார்கள். அடிப்படை அலையில் போவது இடது கூட்டல் வலது. வித்தியாசம் தனியாக 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றிப் போகும். சின்ன ரேடியோ கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளும். கார் ரேடியோவும் சிக்னல் குறையும்போது மெல்ல மெல்லக் கூட்டலுக்கே இறங்கிவிடும். ஒரு தடம் தலைகீழாகப் போனால், அந்தக் கூட்டல் கழித்தலாகிவிடும். நடுவில் இருக்கும் குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சின்ன ரேடியோவின் இயர்போன் சாக்கெட்டில் அளந்தபோது வந்தவைதான் தொடக்கத்தில் எழுதிய மூன்று எண்கள். 400 ஹெர்ட்ஸ் எடுத்ததற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர்கள் பலவும் அதற்கு மேல் சரியாக அளப்பதில்லை. 0.18-இல் 0.12 கழிந்து 0.06. இரண்டு தடமும் சம அளவில் இருந்திருந்தால் குரல் முழுவதுமாகக் காணாமல் போயிருக்கும், கோளாறும் முதல் நாளே பிடிபட்டிருக்கும். டிரான்ஸ்மிட்டரில் வலது தடத்தின் டிரிம் (உள்ளே வரும் ஒலியின் அளவைத் திருத்தும் அமைப்பு) கொஞ்சம் குறைவாக இருந்ததால், மிச்சம் மீதியாக ஒரு மெலிந்த குரல் போய்க்கொண்டிருந்தது. அந்த மிச்சம்தான் எல்லாரையும் ஏமாற்றியது.

கனெக்டருக்குள்

வலது கேபிளின் டிரான்ஸ்மிட்டர் முனையைத் திறந்தோம். பின்பக்க உறையைத் திருகி எடுத்து, பிளாஸ்டிக் கவ்வியை இழுத்தால் மூன்று பின்கள். 1-இல் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய தடுப்பு வலை). 2-இல் வெள்ளைக் கம்பி, 3-இல் சிவப்பு. மறுமுனையில் 2-இல் சிவப்பு, 3-இல் வெள்ளை. ஒருமுறை அறுந்து, மறுபடி பற்றவைத்தபோது மாறியிருக்கிறது. சால்டர் பளபளவென்று, முத்து மாதிரி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. ஒலியும் தடையில்லாமல் போனது. "கேபிள் நன்றாக இருக்கிறது" என்று இரண்டு முறை சோதித்து வைத்ததும் இதையேதான். அந்தச் சோதனை ஒலி வருகிறதா என்று மட்டுமே பார்த்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஷீல்டின் முடி போன்ற ஓர் இழை முறுக்கிலிருந்து பிரிந்து 3-ஆம் பின்னைத் தொடும் தூரத்தில் நின்றது. தொட்டால் அந்தப் பக்கம் தரையாகி, சிக்னல் பாதியாகக் குறையும், 'ம்ம்ம்' என்ற ஹம் இரைச்சலும் ஏறும். ஷீல்டை முறுக்கி, மெல்லிய சால்டர் பூசி, மேலே ஸ்லீவ் போட்ட பிறகுதான் பின்னில் வைக்க வேண்டும்.

2-ஆம் பின் நேர்முனை என்பது ஒலிப் பொறியியல் சங்கத்தின் 1992-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து பொதுவழக்கு. அதற்கு முந்தைய சில கருவிகளில் 3-ஆம் பின் நேர்முனை. பழைய கருவி கைக்கு வந்தால் கேபிள் சரியாக இருந்தாலும் இதே கோளாறு வரும், கையேட்டைப் பாருங்கள்.

சால்டரை உருக்கி இரண்டு கம்பிகளை மாற்றிவைக்கப் பத்து நிமிடம். செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. டிரிம்மைச் சமப்படுத்திய பிறகு எண்கள்: 0.18, 0.18, 0.36. சொற்பட்டியல் மதிப்பெண் 18.

ஸ்டீரியோவை நிறுத்தியது

நிகழ்ச்சியில் பெரும்பகுதி பேச்சு. மைக் ஒற்றைத் தடம். ஒலிபரப்பு எட்டும் எல்லையில் இருப்பவர்களின் ஸ்டீரியோ கருவிகளில் இரைச்சலைக் கூட்டுவது அந்த வித்தியாச அலைதான். ஸ்டீரியோவில் வரும் இரைச்சல், மோனோவோடு ஒப்பிட்டால் 20 டெசிபலுக்கு மேல் அதிகம். டிரான்ஸ்மிட்டரில், ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டை அணைத்து முழு மோனோவாக்கினோம். பாட்டின் அகலம் போய்விடும் என்று எதிர்ப்பு இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் எல்லையோரத்தில் ஒருவருக்கு வெள்ள எச்சரிக்கை இரைச்சலில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அதைவிடப் பெரிய நியாயம். ஒரு கம்பியும் தொடாமல், ஒரு வாட்டும் கூட்டாமல் கிடைத்த லாபம் இது. ஆனால் மோனோவுக்கு மாறும் முன் இரண்டு தடங்களின் நேர், எதிர் முனைகளைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இந்தக் கேபிளோடு மாற்றியிருந்தால் இயர்போன் நேயர்களும் குரலை இழந்திருப்பார்கள்.

சீறும் ச, ஸ, ஷ

குரல் திரும்ப வந்ததும் அதுவரை மறைந்திருந்த குறை வெளியே வந்தது. 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் சீறின, சில இடங்களில் உடைந்தன. டிரான்ஸ்மிட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே ப்ரீ-எம்ஃபஸிஸ் ஜம்பர் 75 மைக்ரோசெகண்டில். ப்ரீ-எம்ஃபஸிஸ் என்பது உச்ச ஒலியை அனுப்பும் முன் தூக்குவது, ரேடியோ அதைத் திரும்ப இறக்கும். அமெரிக்கக் கண்டங்களிலும் தென்கொரியாவிலும் 75, உலகின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் 50. ரேடியோ 50-க்கு இறக்கும்போது நிலையம் 75-க்கு ஏற்றினால், 5 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் கூடுதலாக நிற்கும். சீறல் அதுதான். நிலையம் இருக்கும் நாட்டுக்கு எது என்று உறுதி செய்து ஜம்பரை 50-க்கு மாற்றினோம். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருங்கள். மின்தேக்கிகள் காலியாக அவ்வளவு நேரம் கொடுப்பது நல்லது.

உடைவதற்குக் காரணம் வேறு. ஒலியை உச்ச அளவைத் தாண்டவிடாத லிமிட்டர், டிரான்ஸ்மிட்டருக்கு வெளியே, ப்ரீ-எம்ஃபஸிஸுக்கு முன்னால் இருந்தது. லிமிட்டர் "எல்லைக்குள்" என்று விட்டுவிட்ட 'ஸ', பிறகு தூக்கப்பட்டு, ஒலிபரப்பு அதிர்வெண் அசைய அனுமதித்த ±75 கிலோஹெர்ட்ஸ் விலகலைத் தாண்டியது. அது பக்கத்து அலைவரிசைக்கும் தொல்லை. டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே ப்ரீ-எம்ஃபஸிஸை அறிந்து செயல்படும் லிமிட்டர் ஒன்று அணைந்த நிலையில் இருந்தது. அதை இயக்கி, வெளி லிமிட்டரின் உச்சத்தை 3 டெசிபல் இறக்கினோம். விலகலைப் பார்க்க விலை உயர்ந்த மாடுலேஷன் மீட்டர் இல்லாவிட்டாலும், யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர் ஒன்று போதும். டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே வைத்து முழு ஆன்டெனா மாட்டாதீர்கள், திணறிப்போய்த் தப்பான படம் காட்டும். 10 சென்டிமீட்டர் கம்பித் துண்டு தாராளம்.

பாட்டுக் கோப்புகளின் சத்தம் ஆளுக்கொரு விதமாக இருந்தது. எல்லாவற்றையும் மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து, பேச்சை அதைவிட 2 டெசிபல் மேலே வைத்தோம். மதிப்பெண் 19. மிச்சம் ஒன்று எப்போதும் 'ஏழு'தான்.

நேயர் அழைப்பு

நேயர் தன் குரலில் பேசுவது இல்லாவிட்டால் சமுதாய வானொலி வெறும் ஒலிபெருக்கி. அதில் இரண்டு தொல்லைகள் இருந்தன: அழைப்பவருக்குத் தன் குரலே எதிரொலியாகக் கேட்டது, கைபேசி சார்ஜில் இருந்தால் ஹம் வந்தது.

எதிரொலிக்கு மருந்து, அழைப்பவருக்கு அவர் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுப்புவது. மிக்ஸரில் தனியாக ஒரு கலவையை வெளியே எடுக்கும் ஆக்ஸ் வெளியீட்டை இதற்கென்றே ஒதுக்கினோம். இரண்டு மைக், கணினி ஆகியவற்றின் ஆக்ஸ் குமிழ்கள் திறந்திருக்கும், கைபேசி சேனலின் ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில். அந்தக் குமிழின் மேல் சிவப்பு டேப் ஒட்டியாகிவிட்டது.

ஆக்ஸ் ஒலி கைபேசியின் மைக் உள்ளீட்டுக்கு மிகப் பெரியது. குறைக்க: வரிசையில் 22 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 220 ஓம், அங்கிருந்து 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகக் கைபேசியின் மைக் கம்பிக்கு. மின்தேக்கியின் நேர்முனை கைபேசி பக்கம், ஏனென்றால் அங்கே சிறிய டிசி மின்னழுத்தம் இருக்கும். மைக் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் இன்னொரு 2.2 கிலோஓம். இந்தக் கடைசி ரெசிஸ்டரை முதலில் விட்டுவிட்டோம். கைபேசி வெளி மைக் செருகியிருப்பதையே உணராமல் தன் சொந்த மைக்கில் அறையைக் கேட்டுக்கொண்டிருந்தது. மொத்தக் குறைப்பு ஏறக்குறைய 40 டெசிபல். நான்கு தொடுமுனை பிளக்கில் இன்று பரவலான வரிசை: நுனி இடது, அடுத்து வலது, அடுத்து தரை, அடி மைக். சில பழைய கைபேசிகளில் கடைசி இரண்டும் மாறியிருக்கும்.

ஹம்முக்கு, ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கிப் பார்த்ததில் மடிக்கணினி சார்ஜரும் கைபேசி சார்ஜரும் மாட்டிக்கொண்டன. அவை ஒரு சுவர் பிளக்கில், டிரான்ஸ்மிட்டர் வேறொன்றில். தரை இரண்டு வழியாகச் சுற்றி வந்தது. எல்லா ஒலிக்கருவிகளையும் ஒரே பிளக் பலகைக்குக் கொண்டுவந்து, கணினிக்கும் கைபேசிக்கும் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் அடங்கியது. இதற்கு முன் யாரோ ஹம்மைக் குறைக்க மிக்ஸரின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றியிருந்தார்கள். அதை உடனே மாற்றினோம். மைக்கில் உதடு படும் இடம் அது, எர்த் இல்லாத கருவியில் ஒரு பழுது வந்தால் ஷாக் நேராக முகத்தில். நேயர் அழைப்புக் கைபேசி, மைக் கேபிள்களிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால், அது கிளப்பும் அந்த "டிக்-டிக்-டிர்ர்" சத்தமும் வராது.

ஆன்டெனாவும் மின்தடையும்

ஆன்டெனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்குப் பிறகு 50 வாட்டில் 4 வாட் திரும்பி வந்துகொண்டிருந்தது, ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.8 (1 இருந்தால் முழுப் பொருத்தம்). மேல் கனெக்டருக்குள் தண்ணீர். புது கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம், ஓடு வேய்வது போல. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே அழைக்கும். இப்போது திரும்புவது 0.3 வாட். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, இடுப்புக் கச்சை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

மின்தடையில் கற்றது முக்கியம். புயல் நேரத்தில் மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் போன பிறகு பேசக்கூடியது பேட்டரி ரேடியோதான். யுபிஎஸ் இருந்தது, ஆனால் டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும். ஒத்திகையில் மெயின் ஸ்விட்சை அணைத்தால் மிக்ஸர் செத்தது, டிரான்ஸ்மிட்டர் சத்தமில்லாத அலையைத் தொடர்ந்து அனுப்பியது. நேயருக்கு நிலையம் மூடிவிட்டதாகத்தான் தோன்றும். இப்போது ஒலிப்பாதை முழுவதும் அதே யுபிஎஸ்ஸில். மொத்தச் சுமை 220 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிவரை மட்டும் இறக்கி, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் மூன்றரை மணி நேரம் வருகிறது. 30 விநாடி மௌனம் இருந்தால் எஸ்.டி. கார்டு பிளேயருக்குத் தானாக மாறும் ஒரு சுற்றும் சேர்த்தாயிற்று.

மறுபடி செய்வதானால் வரிசையைத் தலைகீழாக வைப்போம்: சின்ன ரேடியோவில் மூன்று எண் சோதனை, பிறகு ப்ரீ-எம்ஃபஸிஸ், பிறகு தரை, பிறகு மைக்கின் தூரம், கடைசியில் அறை. ராக்வூல் பன்னிரண்டுக்குப் பதிலாக எட்டு பலகையில் தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டுவோம். அறிவிப்பாளர் மேசையில் பெயின்ட் புள்ளி வைத்த அதே சின்ன ரேடியோ இப்போது நிரந்தரமாக இருக்கிறது, மைக் திறந்தால் தானாக அமுங்கும் ரிலேயோடு. திங்கள்தோறும் காலை நிகழ்ச்சி தொடங்கும் முன் 400 ஹெர்ட்ஸ் மூன்று முறை, இடது, வலது, இரண்டும். கடைசியாக நோட்டில் எழுதியது: 0.18, 0.18, 0.35.